காளைக்குக் கிடைத்த குளிர்

கீழே நகரத்தில் இருந்த அந்த ஆய்வகத்தின் தலைவர் பொய் எழுதினார். கவனக்குறைவு என்று சொல்ல மாட்டேன். தெரிந்தே எழுதினார். அதனால் ஒரு பெண் செத்தாள். அவளுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியலாம்.

பணி அனுபவங்களை எழுதித் தாருங்கள், புதிதாக மருத்துவம் பார்க்க வந்திருக்கும் எங்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்று கேட்டீர்கள். கொடைக்கானலில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊக்கம் என்னிடம் இல்லை. கோபம்தான் மிச்சம். கத்தியை எப்படிப் பிடிப்பது, தையலை எப்படி இழுப்பது என்று உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். ஆய்வகத்திலிருந்து ‘இல்லை’ என்று எழுதி வந்தால் அதை எப்போது நம்பக் கூடாது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அதைச் சொல்கிறேன்.

முதலில் எழுபதுகளில் நடந்த ஒன்று. என்னிடம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தார். முப்பதைத் தாண்டிய வயது. மார்பில் வந்த புற்று முதுகெலும்புக்குப் போயிருந்தது. அப்போது எங்களிடம் இருந்த பெரிய வழி, சினைப்பைகளை எடுத்துவிடுவது. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் சில மார்புக் கட்டிகளுக்குத் தீனி. தீனி நின்றால் கட்டி சுருங்கும். படுத்த படுக்கையாகக் கிடந்த ஒருத்தி எழுந்து நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பலருக்கு ஒன்றும் நடக்கவில்லை. யாருக்குச் சுருங்கும், யாருக்குச் சுருங்காது என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் எல்லோருடைய வயிற்றையும் கீறினோம்.

டீச்சருக்கும் கீறினேன். கட்டி அசையவில்லை. மாதவிலக்கு திடீரென்று நின்றுபோன உடம்புதான் கொதித்தது. மார்கழிக் குளிரில் வார்டே கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, அவர் மட்டும் ஜன்னலைத் திறக்கச் சொல்லி வியர்த்து நனைந்தார்.

“எதுக்கு டாக்டர் எடுத்தீங்க?” என்று ஒரு நாள் காலை கேட்டார்.

“கேக்கும்னு நெனச்சோம். ஒரு முயற்சிதான்.”

“முயற்சியா? பேப்பரைப் பிரிச்சே பாக்காம மார்க் போட்டா எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. நீங்க என் வயித்துல போட்டிருக்கீங்க.”

கோடை சீசன் தொடங்கும் முன்பே அவர் இறந்துபோனார்.

இதற்குப் பிறகுதான் ஏற்பிச் சோதனை எங்கள் பக்கம் வந்தது. ஏற்பி என்பது செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதம். ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் அது. ஒட்டினால், செல்லுக்கு ‘பெருகு’ என்ற உத்தரவு போகும். கட்டியில் ஏற்பி இருந்தால் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. இல்லையென்றால் வீண் வேலை. டமாக்சிஃபென் என்ற மாத்திரையும் வந்துவிட்டது. அது ஏற்பியில் தான் போய் உட்கார்ந்துகொண்டு ஈஸ்ட்ரோஜனை விரட்டும். வயிற்றைக் கீற வேண்டியதில்லை. கட்டியைக் கேட்டுவிட்டு மருந்து கொடுக்கலாம். எனக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குப் புரியாது.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் காலத்துச் சோதனைக்குக் கட்டியின் துண்டு பச்சையாக வேண்டும். வழக்கம்போல் அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் வீண். வெட்டிய கையோடு குளிரில் வைத்து, குளிர் விடாமல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சூடு பட்டால் ஏற்பி சிதைந்துபோகும். சிதைந்த துண்டைச் சோதித்தால் ஏற்பி இல்லாத கட்டி மாதிரியே தெரியும். இரண்டையும் அந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. நாங்கள் இருந்ததோ மலை மேல். ஆய்வகம் கீழே. நடுவில் அந்த மலைச்சாலை.

குருவம்மாள் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தாள். எங்கள் மலையிலேயே கிளாவரை என்ற ஊர்க்காரி. உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிற குடும்பம். புருஷன் இல்லை. கூட வந்தது மகள் முத்து. கல்யாண வயதுப் பெண். பிறவியிலேயே காது கேட்காது, பேச வராது. தாயும் மகளும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். வேறு யாருக்கும் அந்தப் பேச்சு தெரியாது. ஊர்க்காரர்களுக்குச் சோறு, தண்ணீர், வா, போ என்பதற்கு மேல் புரியாது. குருவம்மாளுக்கு மார்பில் எலுமிச்சை அளவு கட்டி. அக்குளில் நெறி கட்டியிருந்தது.

அறுவைக்கு முன் ஈஸ்ட்ரோஜன் ஊறுவதையும் ஏற்பியையும் பற்றி அவளிடம் சொன்னேன். புரியாது என்று நினைத்து நோயாளியிடம் சொல்லாமல் விடாதீர்கள். புரியவைக்க நமக்குச் சோம்பல், அவ்வளவுதான்.

“எனக்கு மாசத் தூரம் நின்னு எத்தனையோ வருசமாச்சே. இன்னும் அந்த ஊத்து எங்க இருந்து வருது?” என்றாள்.

“சினைப்பை நின்னாலும் உடம்புக் கொழுப்புல கொஞ்சம் ஊறும். பாத்திக்கு வாய்க்கால்ல தண்ணி வருதுல்ல? மடை தொறந்திருந்தாத்தானே உள்ள போகும்? ஒன் கட்டியில மடை இருக்கான்னு பாக்கணும். இருந்தா அதை அடைக்க மாத்திரை இருக்கு.”

“மடை இல்லாட்டி?”

“அப்ப அது வேற எங்கேயோ இருந்து தண்ணி குடிக்குது. அடைச்சுப் பிரயோசனம் இல்லை.”

அவள் மகள் பக்கம் திரும்பிக் கையால் வாய்க்கால் வெட்டினாள். மடை திறந்தாள். மண்ணை வாரி அடைத்தாள். முத்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, விரல்களால் வேகமாக எதையோ சொல்லிச் சிரித்தாள்.

“என்ன சொல்றா?”

“ஒண்ணுமில்லைங்க.”

“சொல்லு.”

“டாக்டரம்மா பேசுனா கையைவிட மூஞ்சிதான் அதிகமா ஆடுதாம். பயமா இருக்காம்.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “நான் இருக்கணும்ங்க. எனக்காக இல்லை. நான் போயிட்டா இவ யார்கிட்டப் பேசுவா?” என்றாள்.

அதுதான் அவள் கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

ஐப்பசியில் அறுவை செய்தேன். கட்டியின் ஒரு துண்டை அலுமினியத் தகட்டில் சுற்றி, ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்க்கில் வைத்துக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். எங்கள் மலையில் அதுதான் வழக்கம். மருந்து, மூக்குக்கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் கண்டக்டர் கையில்தான் இறங்கும், ஏறும். நல்ல மனிதர்கள். ஒரு பொருள் தொலைந்ததில்லை. மீதிக் கட்டியை ஃபார்மலினில் போட்டாயிற்று. இந்தச் சோதனைக்கு அதைத் திருப்பி எடுக்க முடியாது.

மறுநாள் அதே கண்டக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

“டாக்டரம்மா, கீழ இறங்கையில ரோட்டுல மண்ணும் மரமுமா சரிஞ்சு கெடக்கு. பொழுதுக்கும் பஸ்ஸுக்குள்ளயே கெடந்தோம். ஒங்க ஃபிளாஸ்க்கைக் கீழ வைக்கவே இல்லை. மடியிலயே வச்சிருந்தேன்.”

“ஐஸு?”

“அது எப்பவோ தண்ணியாப் போச்சு. ஆட்டுனா சலசலங்குது. இன்னைக்கு வெள்ளனே கொண்டுபோய்க் குடுத்துட்டேன். அங்கன இருந்த ஆளு தொறந்து பாத்தாரு, மூக்கைச் சுளிச்சாரு, உள்ள கொண்டுபோயிட்டாரு.”

அவரை என்ன சொல்ல முடியும்? தன் சாப்பாட்டுத் தூக்கைவிடப் பத்திரமாக அதை வைத்திருந்தார். உடனே ஆய்வகத்துக்குத் தொலைபேசி நிலையம் வழியாக டிரங்க் கால் போட்டேன். வரிசைக்குக் காத்திருந்து, கத்திக் கத்திப் பேசினேன். ஆய்வகத் தலைவரே எடுத்தார்.

“சார், மேல இருந்து வந்த துண்டு உருகிடுச்சு. அதைச் சோதிக்காதீங்க. சோதிச்சாலும் ‘இல்லை’ன்னு எழுதாதீங்க. ‘சோதிக்கத் தகுதியில்லை’ன்னு எழுதுங்க.”

“நீங்க அறுக்கிற வேலையைப் பாருங்கம்மா. சோதனை எங்க டிபார்ட்மென்ட்.”

“உருகிடுச்சுன்னு சொல்றேன் சார்.”

“தகுதியில்லை, தகுதியில்லைன்னு எழுதிக்கிட்டு இருந்தா எங்களுக்கு எதுக்கு ரசாயனம் வாங்கித் தரணும்னு மேலிடத்துல கேக்கிறாங்க. ஒங்களுக்கு அதெல்லாம் தெரியாது.”

அறிக்கை வந்தது. ‘ஏற்பி இல்லை.’ அவ்வளவுதான். உருகி வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை.

டமாக்சிஃபென் அப்போது நினைத்த கடையில் கிடைக்காது. அந்த ஆய்வகம் இருந்த பெரிய ஆஸ்பத்திரி மூலமாகத்தான் வரும். ஏற்பி இருக்கிறது என்று ஆய்வகத் தலைவர் எழுதினால்தான் தருவார்கள். நான் நேரில் போய் நின்றேன். இல்லாத ஏற்பிக்கு இருக்கும் மருந்தைக் கொடுத்தால், இருக்கிறவளுக்கு யார் கொடுப்பது என்று மருந்துப் பிரிவில் இருந்தவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். அவர் கையில் இருந்த காகிதம்தான் அநியாயம். வழியில் கெட்டவர்கள் யாரும் இல்லாமலே ஒரு பொய், கையெழுத்தோடு ஒவ்வொரு மேஜையாக நகர்ந்து போகும். அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

குருவம்மாளிடம் மறைக்கவில்லை.

“மடை இல்லைன்னு எழுதிருக்காங்க. நான் நம்பலை.”

“அவுக பெரிய படிப்புப் படிச்சவுகளாச்சே.”

“நானும் படிச்சவதான்.”

“நீங்க எங்க சந்தைக்காரிக மாதிரி கத்துறீங்க. அதான் படிச்சவுகன்னு நம்ப முடியலை” என்று சிரித்தாள்.

ஊருக்குப் போனாள். பூண்டு நட்டாள், பிடுங்கினாள். அடுத்த ஐப்பசிக்குப் பிறகு திரும்பி வந்தாள். தழும்பின் ஓரத்தில் தோலில் முண்டு முண்டாகக் கட்டிகள். இடுப்பில் வலி. ஆனால் ஒன்று புரிந்தது. இதோ பச்சைக் கட்டி மறுபடி கைக்கு எட்டுகிறது. இந்த முறை குளிர் விடக் கூடாது. ஐஸை நம்ப முடியாது. என்ன செய்வது?

மாட்டாஸ்பத்திரி ஞாபகம் வந்தது. சினை ஊசி போடக் காளை விந்தைத் திரவ நைட்ரஜன் கேனில் வைத்திருப்பார்கள். அந்தக் கடுங்குளிரில் உறைந்தது எந்த மண்சரிவுக்கும் உருகாது. அங்கிருந்த கால்நடை டாக்டரிடம் போய்ச் சின்னக் கேனைக் கேட்டேன். முதலில் விழித்தார். பிறகு அவருக்குக் கேலி தாங்கவில்லை.

“காளை சரக்குக்கு நடுவுல பொம்பளை சரக்கா? நாளைக்கு எந்தப் பசுவாவது நர்ஸ் குட்டி போட்டா நான் பொறுப்பில்லை டாக்டரம்மா.”

“வாயை மூடிட்டுக் கேன் மூடியைத் தொறங்க.”

திறந்தார். வெள்ளைப் புகை வழிந்தது. “இதை நெரப்புற வண்டி எந்த மழையிலயும் மேல வந்துரும்” என்றார். “ஒரு தடவை நைட்ரஜன் கொறைஞ்சா எனக்கு மெமோ. சினை பிடிக்கலைன்னா மாட்டுக்காரன் வந்து சட்டையைப் பிடிப்பான். ஒங்க ஆய்வகத்துக்காரன் சட்டையை யாரும் பிடிக்கலையா?”

நான் அங்கேயே நின்றேன். காளையின் விந்துக்கு இந்த மலைச்சாலையில் குளிர் கிடைக்கிறது. அதற்கென்று ஒரு வண்டி, ஒரு மெமோ, பதில் சொல்ல ஓர் ஆள் எல்லாம் இருக்கிறது. ஒரு பெண்ணின் கட்டிக்கு ஒரு ஃபிளாஸ்க்கும் ஒரு கண்டக்டரின் மடியும். இதை யாரோ உட்கார்ந்து முடிவு செய்ததுகூட இல்லை. யாருக்கும் தோன்றவே இல்லை.

முண்டு ஒன்றை வெட்டியதும் கேனில் போட்டேன். வார்டில் இரண்டு பேருக்கு நிலைமை மோசம். பிரசவம் ஒன்று காத்திருந்தது. எல்லாவற்றையும் என் ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டு ஜீப்பில் நானே இறங்கினேன். ஜூனியர் முகம் வெளுத்துவிட்டது. இருக்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் தேவைப்படும்போது, உங்களைத் தவிர வேறு யாராலும் முடியாத இடத்துக்குப் போங்கள். பிரசவம் பார்க்க ஜூனியரால் முடியும். அந்தத் துண்டு உறைந்துதான் வந்தது என்று அந்த ஆய்வகத் தலைவரின் முகத்துக்கு நேராகச் சொல்ல அவளால் முடியாது.

சோதனை முடிந்தது. ஏற்பி இருந்தது. மங்கலாக அல்ல, நிறைய இருந்தது. அறிக்கையோடு தலைவர் அறைக்குள் போனேன்.

“முதல் அறிக்கையைத் திருத்துங்க சார்.”

“எதுக்கு? அது முதல் கட்டி. இது திரும்பி வந்த கட்டி. கட்டி மாறும்மா.”

“துண்டு உருகி வந்துச்சு. நான் போன்ல சொன்னேன்.”

“பாருங்க” என்றார். குரலைத் தாழ்த்தி, பாடம் நடத்துகிற தோரணையில் ஆரம்பித்தார். “மேல இருந்து வர்ற துண்டுல பெரும்பாலும் ஏற்பி இல்லை. நான் கவனிச்சிட்டு வர்றேன். கல்லீரல் ஈஸ்ட்ரோஜனை உடைக்குது இல்லையா? உடைஞ்சு வர்ற பொருள்ல சிலது ஏற்பியில பலமா ஒட்டும். சிலது சும்மா தொட்டுட்டு விட்டுரும். ஒங்க மலைப் பொம்பளைங்க குளிர்ல இருக்காங்க, பூண்டும் கீரையுமாத் தின்றாங்க. அவங்க உடம்பு பலமில்லாத பக்கமா உடைச்சுத் தள்ளுது. அதனால அவங்க கட்டி ஈஸ்ட்ரோஜனை நம்பாம வளரப் பழகிருச்சு. அது மலைக்கட்டி. தனி வகை.”

ஈஸ்ட்ரோஜன் உடைவது உண்மை. உடைந்து வரும் பொருள்கள் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதும் உண்மை. உண்மையான விஷயங்களை எடுத்துத்தான் அவர் பொய்க்குக் கூரை போட்டார். மேலிருந்து வந்த துண்டெல்லாம் கண்டக்டர் மடியில் வந்தது. கீழே வெட்டிய துண்டு தாழ்வாரத்தைக் கடந்து வந்தது. அந்த வித்தியாசத்தை அவர் பெண்களின் கல்லீரலில் கொண்டுபோய் வைத்தார்.

மாத்திரை கிடைத்தது. குருவம்மாள் சாப்பிட ஆரம்பித்தாள். இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். மருந்து வேலை செய்தது. தோலில் இருந்த முண்டுகள் சுருங்கின, சில இடங்களில் தடமே இல்லை. இடுப்பு வலி குறைந்து நடந்தாள். முத்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். ஆனால் தாமதமாகிவிட்டது. அந்த ஒரு வருடத்தில் கட்டி கல்லீரலுக்குள் புகுந்து இடம் பிடித்திருந்தது. கண் மஞ்சளானது. வயிறு உப்பியது. இந்த மாத்திரை அந்த ஐப்பசியிலேயே கிடைத்திருந்தால் அவள் எவ்வளவு காலம் இருந்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. இருந்திருப்பாள் என்பது தெரியும்.

கடைசி நாட்களில் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. விரல்கள் மட்டும் போர்வை மேல் அசையும். முத்து குனிந்து அந்த விரல்களைப் படிப்பாள். பிறகு அதுவும் நின்றது. அவள் இறந்த மத்தியானம் முத்து அழவில்லை. என் முன்னால் வந்து நின்று, இரண்டு கைகளாலும் நீளமாக ஏதோ கேட்டாள். புரியவில்லை என்று தலையாட்டினேன். மறுபடி, மெதுவாகக் கேட்டாள். நர்ஸைப் பார்த்தேன். நர்ஸ் என்னைப் பார்த்தாள். கிளாவரையிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர், “சோறு கேக்குதோ என்னவோ” என்றார். அவள் கையைக் கீழே போட்டுவிட்டு வெளியே போனாள். அவள் என்ன கேட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏன் என்று கேட்டிருக்கலாம். தெரிந்திருந்தாலும் அந்தக் கையால் பேச எனக்கு வராது.

பிறகு கீழே நடந்த ஒரு மருத்துவர் கூட்டத்தில் ஆய்வகத் தலைவர் மேடையில் மலைக்கட்டியைப் பற்றிப் பேசினார். பேச்சு அழகாக இருந்தது. அதனால் எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து, உறைந்து வந்த துண்டு எது, உருகி வந்த துண்டு எது என்று கேட்டேன். நேரமாகிவிட்டது, டீ ஆறுகிறது என்று கூட்டத் தலைவர் சொன்னார். சிரித்தார்கள். அதற்குப் பிறகு மலையிலிருந்து போன பெண்களிடம் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் துண்டுகூடக் கேட்கவில்லை. “மேல இருந்தா வர்றீங்க? ஒங்களுக்கு இந்த மாத்திரை கேக்காதும்மா” என்று திருப்பி அனுப்பினார்கள். சிலர் திரும்பி என்னிடம் வந்தார்கள். பலர் நேராக வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் எழுதினேன், போனேன், கத்தினேன். ஒன்றும் அசையவில்லை. ஒரு தவறான அறிக்கையைத் திருத்தலாம். தவறு ஒரு கொள்கையாகிவிட்டால் அதை அசைக்க என் மாதிரி ஆட்களால் முடியாது.

இன்று உங்களுக்கு ஐஸ் வேண்டாம். ஃபார்மலினில் போட்ட துண்டிலேயே சாயம் ஏற்றி ஏற்பியைப் பார்க்கிறீர்கள். அதனால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். வெட்டிய துண்டு ஆபரேஷன் தியேட்டர் மேஜையில் காய்ந்து கிடந்துவிட்டு ஃபார்மலினுக்குப் போவதை நான் இப்போதும் பார்க்கிறேன். நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடித் தகட்டில் கட்டிக்குப் பக்கத்தில் புற்று தொடாத நல்ல பால்குழாய் இருக்கிறதா என்று தேடுங்கள். ஏற்பி இயல்பாகவே உள்ள அதிலும் சாயம் ஏறவில்லை என்றால் கட்டியில் ஏற்பி இல்லை என்று அர்த்தமில்லை. உங்கள் தகடு கெட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். பார்க்க முடியவில்லை என்று எழுதுங்கள். எழுத வெட்கமாக இருக்கும். எழுதுங்கள். அந்த வெட்கம் யாரையும் கொல்லாது.

இனி அந்த ஆய்வகத் தலைவரிடம்.

ஐயா, உங்களுக்கும் வயதாகிவிட்டது. மாலையும் சால்வையும் நிறைய வாங்கிவிட்டீர்கள். எனக்குத் தனியாகக் கடிதம் எழுதாதீர்கள். வீட்டுக்கு வந்து டீ குடித்துச் சமாதானம் பேசவும் வேண்டாம். நீங்கள் மலைக்கட்டி என்று பேசிய அதே மண்டபத்தில், அதே மைக் முன்னால், இந்தப் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்திருக்க வந்து நில்லுங்கள். மலையிலிருந்து உருகி வந்த துண்டுகளுக்கு நீங்கள் ‘இல்லை’ என்று எழுதினீர்களா? எழுதினேன், எழுதவில்லை, இரண்டில் ஒன்றை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.